பாறை திரும்பிப் படுக்காது

“ஏம்மா, ராத்திரியில பாறை திரும்பிப் படுத்துக்கிச்சா?”

கேட்டுவிட்டு மதிப்பீட்டாளர் தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தார். அவருக்கு முன்னால் மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று என் மாணவி நிவேதா அளந்து எழுதியது. இன்னொன்று அவள் தோழி ஷர்மிளா எழுதியது. இரண்டும் புதுச்சத்திரம் பக்கத்தில் இருக்கும் ஒரே பாறைத்திட்டைப் பற்றியவை.

எங்கள் பக்கத்துப் பாறைகளில் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் ஓடும். அவை எந்தத் திசையில் ஓடுகின்றன, எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று காம்பஸ் வைத்து அளந்து வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால், பூமி எந்தக் காலத்திலோ எப்படி மடங்கியது என்பது தெரியவரும். ஷர்மிளாவின் தாளில் வரிகள் ஒரு பக்கம் ஓடின. நிவேதாவின் தாளில் இன்னொரு பக்கம் ஓடின. அதுவும் ஒரே மாதிரியாக இல்லை, இடத்துக்கு இடம் கோணிக்கொண்டு போயின.

“காம்பஸ் கோளாறுங்களோ என்னமோங்க சார்” என்றாள் நிவேதா.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “எதுக்கு மேடம் பொம்பளப் பிள்ளைங்கள இந்த வெயில்ல அலைய விடறீங்க? ஏசி போட்ட லேப் இருக்கு. கல்லை அறுத்து மைக்ராஸ்கோப்ல பார்க்கட்டுமே. நான் அப்படியே எழுதிடறேன்.”

அவர் எழுதினால் எழுதியதுதான். கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு அனுமதி தருகிற குழுவில் அவர் சொல் அம்பலம் ஏறும். பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

“எழுதாதீங்க சார்” என்றேன். கோபம் வந்தால் என் குரல் கொஞ்சம் உயரும். கொஞ்சம் என்பது நான் சொல்வது, என் வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள். “அடுத்த கூட்டம் வரைக்கும் டைம் குடுங்க. ரெண்டு பேர் அளவும் ஒத்துப் போகலைன்னா நானே லேப் சாவியை வாங்கிக்கறேன்.”

பேனாவை மூடினார். அடுத்த கூட்டத்தில் அளவுகள் ஒத்துப்போனால் களப்பணி தொடரும், இல்லையென்றால் பெண் பிள்ளைகளுக்கு இனிமேல் லேப்தான். இந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, பின்னால் வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து.

வெளியே வந்ததும் ஷர்மிளா, “மேடம், அவரை ஒரு நாளு அந்தப் பாறை மேல செருப்பில்லாம நிக்க வைக்கணும்” என்றாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஆசிரியை என்பதால் அவளை அதட்டி வைத்தேன்.

கூடைக்குக் காவல்

சேலத்து வெள்ளைக்கல் குன்றுகளைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது ஒரு வாசகி கேட்டார்: “பாறையைப் பத்தியே எழுதறீங்களே, உங்க பிள்ளைங்களைப் பத்தி எப்ப எழுதுவீங்க?” கேட்டது நியாயம்தான். அதற்கு முன்னால் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் நிலவியல் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் பெண்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். களப்பயணம் என்று பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். மலையடிவாரம் வந்ததும் பேராசிரியர் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். பையன்கள் பின்னால் ஓடுவார்கள். “நீங்க பஸ்லயே இருங்கம்மா, சாப்பாட்டுக் கூடையப் பாத்துக்கங்க” என்பார் எங்களிடம்.

பார்த்துக்கொண்டோம். குரங்குகளிடமிருந்து எலுமிச்சைச் சாதத்தைக் காப்பாற்றியதுதான் அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட நிலவியல். சாயங்காலம் பையன்கள் கொண்டுவந்த கற்களைப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டோம். பரீட்சையில் முதல் மதிப்பெண் எனக்கு. ஆனால் ஒரு பாறையை அது கிடந்த இடத்தில் வைத்துத் தொட்டுப் பார்த்தது வேலைக்கு வந்த பிறகுதான்.

அந்த எரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். அது இருப்பதால்தான் கத்திரி வெயிலில் அஸ்தம்பட்டியிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்ப முடிகிறது.

தண்ணீர் குடி, இல்லையென்றால் இறங்கு

ஒரு பெண்ணைக் கோடை விடுமுறையில் பாறைக்கு அனுப்புவதற்கு முதலில் காம்பஸ் தேவையில்லை. கழிப்பறை தேவை.

முதல் வருஷம் இது எனக்கே உறைக்கவில்லை. பிள்ளைகள் காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தார்கள். கேட்டால், “தாகமே இல்லீங்க மேடம்.” மதியம் ஒருத்தி பாறை மேலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். குடித்தால் போகவேண்டும், போக இடம் இல்லை, அதனால் குடிப்பதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்கே பக்கத்தில் இருந்த கோழிப்பண்ணைக்குப் போய் நின்றேன். அங்கே வேலை பார்க்கும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கல்லு பொறுக்கற புள்ளைங்களா? இதையக் கேக்கறதுக்கு என்னுங்க கூச்சம், வரச்சொல்லுங்க” என்றார். அன்றிலிருந்து எங்கள் சட்டம் இதுதான்: தண்ணீர் குடிக்காதவள் பாறையை விட்டு இறங்கிவிட வேண்டும்.

அடுத்த தடை வீடு. ஷர்மிளா தம்மம்பட்டிக்காரி. அவள் வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லோருக்கும் காட்டு வேலை. “வெயிலு இவளுக்கு என்ன புதுசா?” என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள்.

நிவேதாவின் வீடு அப்படியில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம், சொந்த நிலம், அதற்கு மேல் ரிக் வண்டித் தொழில். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டும் குடும்பம். அவள் அப்பா கல்லூரிக்கே வந்துவிட்டார்.

“ஏனுங்க மேடம், எம்பட தொழிலே பாறையோடதானுங்க. பாறைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா? அது ஆம்பளைங்களையே ஒரு வழி பண்ணிப்போடும். புள்ளைக்கு எதுக்குங்க இந்த வேலை?”

“உங்க பொண்ணு பாறையை ஒடைக்கப் போகலைங்க. படிக்கப் போகுது” என்றேன்.

“வெய்யில்ல கறுத்துப்போகுமுங்க.”

“ரிக் வேலையில நீங்களும்தான் கறுத்திருக்கீங்க. உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?”

அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற நிவேதாதான் பயந்துபோனாள். கிளம்பும்போது மட்டும் அவர் குரல் மாறியது. “செரீங்க, அனுப்பறேன். ஆனா ஒண்ணுங்க. வெளிய போன எடத்துல ஏதாச்சும் ஒரு அசிங்கம், ஒரு பேச்சுன்னு என் காதுக்கு வந்துச்சுன்னா, அன்னைக்கே நிறுத்திப்போடுவேன்.”

மகளைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். அசிங்கம் செய்பவன் ஊரில் நிம்மதியாகத் திரிவான், வீட்டுக்குள் உட்கார வேண்டியவள் இவள். இந்தக் கணக்கு எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்களோ, எனக்குத் தெரியாது.

கை மாறியது

மதிப்பீட்டாளர் சிரித்த மறுநாள், பொழுது விடிந்த கையோடு மூன்று பேரும் பாறையில் நின்றோம். தட்டுவடை செட் பொட்டலத்தை ஷர்மிளா பிரிக்கப் போனாள். “மொதல்ல வேலை” என்று பிடுங்கி வைத்தேன்.

ஒரு இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். “ரெண்டு பேரும் இதே வரியை அளங்க.”

ஷர்மிளா அளந்தாள். நான் அளந்தேன். ஒத்துப்போனது. நிவேதா அளந்தாள். கோணிக்கொண்டது. அவள் முகம் வெளிறிவிட்டது.

“காம்பஸை மாத்துங்க” என்றேன். மாற்றிக்கொண்டார்கள். நிவேதாவின் காம்பஸ் ஷர்மிளா கைக்குப் போனதும் ஒழுங்காகக் காட்டியது. ஷர்மிளாவுடையது நிவேதா கைக்கு வந்ததும் கோணியது. அப்படியானால் கோளாறு காம்பஸில் இல்லை.

“அடியேய், உன் கையில காந்தம் எதுனா வச்சு தச்சிருக்காங்களா?” என்று ஷர்மிளா அவள் இடது கையைப் பிடித்துத் தூக்கினாள்.

முழுக்கைச் சட்டை விலகியது. கண்ணாடி வளையலில் கொத்தாக ஊக்குகள் தொங்கின. சின்னது, பெரியது, துருப்பிடித்தது, புதுசு. சேலையோ தாவணியோ கட்டுகிற வீட்டில் வளையலில் ஒன்றிரண்டு ஊக்கு தொங்குவது சாதாரணம்தான். இது ஒன்றிரண்டு இல்லை, ஒரு கடையே இருந்தது.

காம்பஸைப் பாறையில் வைத்துவிட்டு, அந்தக் கையை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னேன். முள் நகர்ந்தது. கையை எடுத்தாள், முள் பழைய இடத்துக்கு வந்தது. மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். கெக்கே பிக்கே என்று சிரித்தது நான்தான். மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கினால் வேறென்ன செய்வது?

“இத்தனை ஊக்கு எதுக்குடி உனக்கு? தையல் கடை வைக்கப் போறியா?” என்றேன்.

நிவேதா சிரிக்கவில்லை. “அம்மா குடுத்ததுங்க மேடம். பஸ்ஸுக்கு.”

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இதைப் படிக்கும் பெண்களுக்கும் தேவைப்படாது. திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் வந்து, அங்கே வேறு பஸ் பிடித்துப் புதுச்சத்திரம் வரவேண்டும். காலை நேரத்துக் கூட்டத்தில் நின்றுகொண்டு வரவேண்டும். ஒன்று விரலிடுக்கில் இருக்கும். குத்தின வேகத்தில் அது கீழே விழுந்தால் அடுத்தது வேண்டும். இறங்கியதும் எல்லாவற்றையும் வளையலில் கோத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவாள். அந்தக் கையில்தான் காம்பஸைப் பிடிப்பாள்.

நாசமாய்ப் போகிறவன்கள். பஸ்ஸில் பிள்ளையைத் தொட்டதும் இல்லாமல், பாறை வரைக்கும் வந்து அவள் அளவைக் கெடுத்திருக்கிறான்கள்.

“நீ ஊக்கு வச்சுக்கறதில்லையா?” என்று ஷர்மிளாவைக் கேட்டேன்.

“எனக்கு எதுக்கு மேடம்? முழங்கை இருக்குதே” என்றாள். காட்டு வேலை செய்து உரமேறிய முழங்கை. ஒருமுறை என் விலாவில் தெரியாமல் பட்டிருக்கிறது, அதனால் நம்பினேன்.

கழித்துவிட்டால் போகாதா?

தட்டுவடை தின்றுகொண்டே ஷர்மிளா ஒரு யோசனை சொன்னாள். ஊக்கு எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து, நிவேதாவின் எல்லா அளவிலிருந்தும் அதைக் கழித்துவிட்டால் என்ன? வெயிலில் மறுபடி அலைய வேண்டாமே.

நிவேதாவே மறுத்துத் தலையாட்டினாள். “முடியாது. ஒவ்வொரு தடவையும் கை ஒவ்வொரு மாதிரி இருந்திருக்கும். எவ்வளவு இழுத்துச்சுன்னு எப்படித் தெரியும்?”

“அப்ப?”

“அப்ப என்ன, முதல்ல இருந்துதான்.”

அதுவரை வெயிலில் செய்த வேலையை எல்லாம் குப்பை என்று தானே சொல்லிவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்துபோகிற பிள்ளையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

முதலில் இருந்து தொடங்கினோம். பாறைக்கு வந்ததும் நிவேதா ஊக்குகளைக் கழற்றி என் டிபன் பாக்ஸில் போடுவாள். சாயங்காலம் எண்ணிக்கூடப் பார்க்காமல் அள்ளி மாட்டிக்கொள்வாள். ராசிபுரம் வரை போய் அவளை அழைத்துவந்தேன், முடிந்த நாட்களில். மற்ற நாட்களில் அவளும் பஸ்ஸும்தான்.

பதினொரு மணிக்கெல்லாம் பாறை தோசைக்கல்லாகிவிடும். உட்கார முடியாது, காம்பஸை வைத்த கையும் பொறுக்காது. வேலாமர நிழலில் ஒதுங்கி மோர் குடித்துவிட்டு, வெயில் சாய்ந்ததும் மறுபடி ஏறுவோம். பண்ணை அக்கா, “ஏஞ்சாமி, போன வாரம் பாத்த கல்லத்தான மறுக்கா பாக்கறீங்க? அது எங்கயும் ஓடிப்போகாதுங்கோ” என்பார். “அதைத்தான் நிரூபிக்கறோமுங்க அக்கா” என்பாள் நிவேதா.

அளவுகள் ஒத்துப்போயின. ஷர்மிளாவின் கோடுகளும் நிவேதாவின் கோடுகளும் வரைபடத்தில் ஒன்றாக வளைந்து, கிழக்கே ஒரு பெரிய மடிப்பாகத் திரும்பின. நிவேதாவின் பழைய அளவும் கலந்திருந்தபோது இந்த மடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. நிவேதா அந்த வளைவின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

‘உலோக ஆபரணம்’

அறிக்கையில் பழைய அளவு ஏன் தவறியது என்று எழுத வேண்டும். நிவேதா தயங்கினாள்.

“ஊக்குன்னு போட வேண்டாங்க மேடம். எதுக்குன்னு கேப்பாங்க. சொன்னா விஷயம் எப்படியும் ஊட்டுக்குப் போயிருமுங்க. அப்பா சொன்னது உங்களுக்கே தெரியுமில்லீங்க.”

தெரியும். அதனால், ‘கையில் அணிந்திருந்த உலோக ஆபரணத்தின் காரணமாக’ என்று எழுதினோம். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அவள் படிப்பு அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கூட்டம் நடந்த அறையில் மேசையைச் சுற்றி ஆண்கள். மதிப்பீட்டாளர் வரைபடத்தைப் பார்த்தார், முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. பிறகு அந்த வரிக்கு வந்தார்.

“ஆபரணமா?” என்று நிமிர்ந்தார். “பாருங்க, இதுக்குத்தான் சொன்னேன். ஃபீல்டுக்குப் போறப்பகூட இவங்களுக்கு நகை, அலங்காரம் வேணும். சயின்ஸ் ரெண்டாம்பட்சம்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் எழுந்தேவிட்டேன். வாயில் வந்ததை அச்சில் போட முடியாது, பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆனால் எனக்கு முன்னால் நிவேதா பேசிவிட்டாள்.

“நகை இல்லீங்க சார். ஊக்குங்க.”

“ஊக்கா? பாறைக்கு எதுக்கும்மா ஊக்கு?”

“பாறைக்கு இல்லீங்க சார்” என்றாள். “பஸ்ஸுக்குங்க. கூட்டத்துல கை வைக்கறவங்களக் குத்தறதுக்குங்க.”

சிரித்தவர்களில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன், விடவில்லை.

மதிப்பீட்டாளர் வரைபடத்தை மறுபடி தன் பக்கம் இழுத்தார். ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கோடையில் அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.

“இந்த மடிப்பு கிழக்கே எங்கம்மா முடியுது?”

“தெரியலீங்க சார். அந்தப் பக்கம் இன்னும் அளக்கலை. போனாத்தான் தெரியுமுங்க.”

“போங்க” என்றார். களப்பணி தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

எந்தப் பஸ்?

வெளியே வராந்தாவில் ஷர்மிளா குதித்தாள். நிவேதா செல்போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

“யாருக்கு?” என்றேன்.

“அப்பாவுக்குங்க. வேற யாராச்சும் சொல்லி அவர் கேக்கறதுக்குள்ள நானே சொல்லிப்போடறேன்.”

“இப்பவேவா? நான் வேணா பேசட்டுமா?”

“வேண்டாங்க மேடம்.”

ரிக் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய மனிதர். அவர் பேசினால் பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும். அன்றைக்கும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“என்னாச்சு சாமி?”

“ஃபீல்டு தொடரலாம்னு எழுதிட்டாங்ப்பா. அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லோணும்.” ஊக்கையும் பஸ்ஸையும் அறைக்குள் தான் சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் மட்டும் வந்தது. முடிந்தது, இந்தப் பிள்ளையை இனிமேல் பாறையில் பார்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். ஷர்மிளா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டேய், மோட்டார ஆஃப் பண்ணு” என்று அவர் யாரையோ அதட்டுவது கேட்டது. சத்தம் நின்றது. “எந்தப் பஸ்ஸு? எந்தப் பஸ்ஸுன்னு சொல்லு.”

“எல்லாப் பஸ்ஸும்தானுங்ப்பா.”

“உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“அம்மாதானுங்ப்பா ஊக்கே குடுத்துச்சு. அம்மா பஸ்ஸுல போறப்ப வெச்சிருந்ததுங்ப்பா.”

லைன் போய்விட்டதா என்று நிவேதா போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

“நாளைக்கும் போகோணுமா?” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“போகோணுங்ப்பா. கெழக்கால இன்னும் பாக்கோணும்.”

“செரி, போயிட்டு வா சாமி.”